பிரட்டும் இடாப்பும்: நாளாந்த ஒழுக்கக் கண்காணிப்பும் ஊவாத் தோட்டப் பாடசாலைகளும்

1

பாடசாலை ஒழுக்கம் பற்றிய உரையாடல் நமது சூழலிற் பெரும்பாலும் இரு துருவங்களுக்கிடையே ஊசலாடி வந்துள்ளது. பிரம்பில்லாது பிள்ளை படியாது என்போர் ஒருபுறம். அன்பினால் அனைத்தும் ஆகும் என்போர் மறுபுறம். ஒழுக்கத்தைத் தனிமனிதப் பண்பாகவே கொள்வதில் இவ்விரு சாராரும் ஒற்றுமையுடையர். குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள்ளே, குறிப்பிட்ட நேர ஒழுங்குக்கும் உடல் ஒழுங்குக்கும் மனிதரைப் பழக்கியெடுக்கும் வரலாற்றுச் செயற்பாடாக ஒழுக்கத்தைக் காணும் நோக்கு இவர்களிடம் அருகியே காணப்படுகின்றது. பதுளை மாவட்டத்தையும் ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களையும் முன்னிறுத்தி இப்பிரச்சினையை ஆராய்வது பயனுடையதென நாம் கருதுகிறோம். ஆளை நாள்தோறும் எண்ணிக் குறிக்கும் வழக்கம் இப்பிரதேசத்து மக்களுக்குப் பாடசாலை வழியாக அறிமுகமானதன்று. தேயிலை மலை வழியாக அறிமுகமானது.

இன்று மேனாட்டுக் கல்வியுலகிலே பெரிதும் பேசப்படும் நாளாந்தச் சந்திப்பு முறையொன்றை முதலில் விளக்கி, அதன் வரலாற்று முன்னோடிகளைச் சுட்டி, தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் வாழ்நிலையோடு அதனைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இம்முறை ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே உருப்பெற்றது. டியன் குரோன், ரொபேட் ஹோர்னர், லியான் ஹோக்கன் ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட நூல் வாயிலாக இது பரவலாக அறியப்பட்டது. விடுதிக்கு வருவோர் பெயர் பதிந்து தங்குவதையும், பின் கணக்குத் தீர்த்து வெளியேறுவதையும் குறிக்கும் ஆங்கில வழக்குகளே இதற்குப் பெயராயின. தமிழில் இதனை வரவு – விடைச் சந்திப்பு என நாம் வழங்குவோம்.

செயன்முறை எளிது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பொது ஒழுங்குக்கு மேலாக உதவி வேண்டிநிற்கும் சிலரே இதிற் சேர்க்கப்படுவர். காலையில் வந்ததும் பிள்ளை ஒரு குறிப்பிட்ட பெரியவரைச் சந்திக்கின்றது. அவர் வகுப்பாசிரியராகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. அவர் பிள்ளையை வரவேற்று, கொப்பியும் பென்சிலும் உண்டா, வீட்டில் நலமா என வினவி, அன்றைய அட்டையைக் கையளிக்கின்றார். அட்டையிலே மூன்று முதல் ஐந்து வரையான எதிர்பார்ப்புகள் உடன்பாட்டு வாக்கியங்களில் எழுதப்பட்டிருக்கும். ‘கூச்சலிடாதே’ என்பதற்குப் பதிலாகக் ‘கையுயர்த்திப் பேசுவேன்’ என்றவாறு அவை அமையும். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் 0, 1, 2 என ஒரு புள்ளியிட்டு ஓரிரு சொற் கூறுவார். பாடசாலை விடும்போது பிள்ளை மீண்டும் அதே பெரியவரிடம் செல்லும். புள்ளிகள் கூட்டப்படும், நூற்றுக்கு எண்பது என்பதே வழமையான இலக்கு. அட்டை வீட்டுக்குச் சென்று, பெற்றார் கையொப்பத்துடன் மறுநாட் காலை திரும்பும். சில வாரங்கள் இலக்கு எட்டப்படின், பிள்ளை தன்னைத் தானே மதிப்பிடும் நிலைக்குப் படிப்படியாக விடுவிக்கப்படும்.

இம்முறையிலே இரு விடயங்கள் விதந்து கூறத்தக்கன. முதலாவது, கால ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டமை. சாதாரண வகுப்பறையிலே பிழை நிகழ்ந்த பின்னரே பெரியவரது கவனம் பிள்ளைமீது விழுகின்றது. பிழை செய்தாலன்றிக் கவனம் இல்லை என்பதைப் பிள்ளை விரைவிலே கற்றுக்கொள்கின்றது. இங்கோ பிழைக்கு முன்னரே, பிழையின்றியே, கவனம் வழங்கப்படுகின்றது. இரண்டாவது, நடத்தையின் பயன் யாது என்ற வினா. பெரியவர் கவனத்தைப் பெறுதற்காகக் குழப்பஞ் செய்யும் பிள்ளைகளுக்கு இம்முறை நன்கு உதவுகின்றது என்றும், கடினமான பாடத்திலிருந்து தப்புதற்காகக் குழப்பஞ் செய்வோர்க்கு அத்துணை உதவுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அட்டை தீர்வாகாது. வாசிப்புக் கற்பித்தலே தீர்வாகும். இவ்வுண்மையை ஒப்புக்கொண்டமை இவ்வாய்வாளர்தம் நேர்மைக்குச் சான்றாகும். ஆயின் பிள்ளை ஏன் தப்ப விரும்புகின்றது என்ற வினாவை வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே எடுத்துச் செல்ல அவர்களது ஆய்வுமுறை இடந்தருவதில்லை. அவ்விடத்திலிருந்தே நமது விசாரணை தொடங்குகின்றது.

3

நாளாந்தக் குறிப்பு என்பது புதியதொன்றன்று. சென்னை மாகாணத்தின் பல்லாரிக் கலெக்டராயிருந்த கம்பெல் 1823இல் உள்ளூர்ப் பாடசாலைகள் பற்றி எழுதிய அறிக்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையிலே சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி இடப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு என, பின்வரும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகக் கூடிச் செல்லும். வரவு குறிக்கப்படும் ஏடு அங்கு பிள்ளையின் உடலே. முதல்வன் ஒருவனுக்குப் புகழ். மூன்றாமவன் முதல் ஏனையோர் அனைவருக்கும் வேறுபட்ட அளவிலே தண்டம். எவ்வளவு முயன்றாலும் எல்லோரும் முதலில் வருதல் இயலாது என்பதே இவ்வொழுங்கின் உட்பொருள்.

சென்னை ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்திலே 1789 முதற் பணிபுரிந்த அன்று பெல், மணலில் எழுதியும் ஒருவருக்கொருவர் கற்பித்தும் பயின்ற உள்ளூர்ப் பிள்ளைகளின் முறையைக் கண்டு, அதனை ஒழுங்குபடுத்தி 1797இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகள் வாயிலாக ஆளும் இம்முறை பிரித்தானியக் கைத்தொழில் நகரங்களுக்கு மலிவான கல்வியாயிற்று. திண்ணையிலே பிறந்த ஒரு வழக்கம் தொழிற்சாலைத் தேவைக்கு உருமாறிய வரலாறு இது.

இக்காலத்திலேயே, ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை 1800இல் பொறுப்பேற்ற ரொபேட் ஓவன் ‘மௌனக் கண்காணி’ என்னும் உபாயத்தைக் கையாண்டார். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்கொண்ட சிறு மரக்கட்டையொன்று தொங்கும். கருப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்னும் நான்கு நிறங்களில் முன்பக்கம் நோக்கும் நிறம் முந்தைய நாளின் நடத்தையைக் காட்டும்: கருப்பு தீது, வெள்ளை மிக நன்று. நாள்தோறும் இது பேரேட்டிலும் பதியப்பட்டது. கற்பனாவாத சோசலிசத்தின் முன்னோடியாகிய ஓவன் அடியையும் வசையையும் ஒழிக்கவே இதனைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. மேற்பார்வையாளர் அநீதி இழைத்தாரெனக் கருதும் தொழிலாளி ஓவனிடமே நேரில் முறையிடவும் உரிமை பெற்றிருந்தார். எனினும் யார் யாரைக் குறிப்பது என்பது மாறவில்லை. தொழிலாளியின் நிறத்தை மேற்பார்வையாளர் திருப்பினார். மேற்பார்வையாளரின் நிறத்தைத் தொழிலாளி திருப்பியதாக வரலாறு இல்லை. கைத்தொழில் முதலாளித்துவத்தின் நேர ஒழுங்கு பற்றி ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கடிகாரமும் அபராதமும் மட்டுமன்றிப் பாடசாலையும் அவ்வொழுங்கை மனத்துள்ளே பதிப்பித்த கருவியாயிருந்ததை எடுத்துக்காட்டியுள்ளது.

4

இனி ஊவாவுக்கு வருவோம். ஹாலிஎல, தெமோதரை, பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என விரியும் இம்மலைகளிலே கோப்பியும், அது அழிந்தபின் தேயிலையும் தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பினால் வேரூன்றின. இருப்புப்பாதை 1924இற் பதுளையை அடைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே தோட்டத்தின் நாள் பிரட்டுடன் தொடங்கிவிட்டது. விடியற்காலையிலே தப்பொலி கேட்டு எழுந்து பிரட்டுக்களத்திற் கூடிநின்ற தொழிலாளர் அங்கே எண்ணப்பட்டனர். எந்த மலைக்கு யார் என்பது அங்கே பிரிக்கப்பட்டது. செக்ரோலிலே பெயர் பதியப்பட்டது.

இங்கு ஒரு சொல்லைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். தோட்ட வழக்கிலே ‘பேர்’ என்பது ஒரு நாட் சம்பளத்தையும் குறிக்கும். கணக்கப்பிள்ளை ‘பேர் போட்டால்’ கூலி உண்டு. குறித்த இறாத்தல் கொழுந்து நிறையாவிடின், அல்லது பிந்தி வந்தால், ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரே பாதியாக வெட்டப்படும் இச்சொல்லாட்சியில், உழைப்பாளியின் ஆளுமையும் உழைப்பின் விலையும் ஒன்றாகிப்போன வரலாறு உறைந்துள்ளது. அரைப்பேர் போட்ட கங்காணிமீதும் கணக்கப்பிள்ளைமீதும் எழுந்த குமுறல் மலையக நாட்டார் பாடல்களிற் பரக்கக் காணப்படுவது இதனாலேயாம். சி. வி. வேலுப்பிள்ளை முதல், பதுளை மாவட்டத்து ஊவாக் கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து ‘காலங்கள் சாவதில்லை’ நாவலைத் தந்த தெளிவத்தை ஜோசப் வரை, மலையக எழுத்தாளர் தோட்டத்து வாழ்வின் இந்நாளாந்த அதிகாரத்தைத் தம் படைப்புகளிலே பதிவுசெய்துள்ளனர்.

வரவைக் கூலியோடு பிணைக்கும் இம்மரபு மறைந்துவிடவுமில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்திலே நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா, விலைப் பங்கு 30 ரூபா என 620 ரூபா காட்டப்பட்டது; வேலை வழங்கிய நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாது வந்தோர்க்கே அந்த 140 ரூபா உரித்தாயிற்று. பாடசாலை அட்டையின் எண்பதும் தோட்டத்து எழுபத்தைந்தும் எண்ணளவில் அயலவை. பொருளளவில் அவை வேறுபட வேண்டுமாயின், அவ்வேறுபாட்டை நாமே உணர்வுபூர்வமாக உருவாக்குதல் வேண்டும்.

5

தோட்டப் பாடசாலை இப்பிரட்டின் நிழலிலேயே வளர்ந்தது. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடமே ஒப்படைத்தன. பிள்ளைகளின் உழைப்பிலே நலன் கொண்டவரிடம் அப்பிள்ளைகளின் கல்வி ஒப்படைக்கப்பட்டமையின் முரண்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. 1945இலே இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அவ்வமைப்புக்குப் புறம்பாகவே நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே பாடசாலைகள் படிப்படியாக அரச அமைப்பினுட் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட இப்பின்னடைவே இன்றைய ஆசிரியர் பற்றாக்குறைக்கும் கட்டடக் குறைபாட்டுக்கும் அடித்தளமாகும். அஞ்செலா லிற்றில் 1999இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வரலாற்றை அரசியற் பொருளாதார நோக்கிலே விரிவாக ஆராய்ந்துள்ளது.

இப்பின்னணியிலே ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். தாய் பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டியும் சாயமும் வைத்துச் செல்கின்றாள். அல்லது அவள் மத்திய கிழக்கிலே ஒருவரது வீட்டில் வேலை செய்கின்றாள். தகப்பன் கொழும்பிலே கடையொன்றில் நிற்கின்றான். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டபின், லயத்திலிருந்து மலைப்பாதையில் இறங்கி, மழையாயின் அட்டைக்கடியோடும் நனைந்த சீருடையோடும் வரும் அப்பிள்ளை ஏழரை மணிக்குப் பிந்துகின்றது. அங்கே இடாப்பு மூடப்பட்டுவிட்டது. பிந்தியவர் வரிசையில் நிற்கவைக்கப்பட்ட பிள்ளை முதற் பாடத்தை இழக்கின்றது. இழந்த பாடம் விளங்காது போகின்றது. விளங்காத பாடத்திலிருந்து தப்புதற்குக் குழப்பம் செய்கின்றது. ஆசிரியர் ஏட்டிலே ‘ஒழுக்கமற்ற பிள்ளை’ என ஒரு வசனம் சேர்கின்றது. அதிகாலைப் பிரட்டிலே தொடங்கிய காரண காரியத் தொடர் அவ்வசனத்தில் இடம்பெறுவதில்லை.

இப்பிள்ளைக்கு வரவு – விடைச் சந்திப்பு உதவுமா? காலையில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, “சாப்பிட்டியா? தம்பிக்குக் காய்ச்சல் சுகமா?” எனக் கேட்பின் உதவும் என்பதே நமது விடை. அக்கேள்வியின் மறுமொழியிலேயே மேற்கூறிய தொடரின் முதற் கண்ணி வெளிப்படும். ஆனால் அட்டையின் முதல் நிரையிலே ‘நேரத்துக்கு வந்தேன்’ என எழுதி அதற்குச் சுழியம் போடத் தொடங்கினால், நாம் செய்வது பிள்ளைக்கு அரைப்பேர் போடுவதே. பிள்ளையின் விருப்புக்கு உட்படாத ஒன்றுக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்குவது கல்வியன்று.

பெற்றார் கையொப்பம் பற்றியும் இவ்வாறே சிந்தித்தல் வேண்டும். வீட்டிலிருப்பவர் பெரும்பாலும் பாட்டி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராயிருத்தல் கூடும். தன் வாழ்நாளிலே துரைத்தன ஏடுகளிற் பெருவிரல் பதித்தே பழகிய அம்மூதாட்டிக்கு, அட்டையிலுள்ள எண்கள் இன்னுமொரு குற்றப்பத்திரமாகவே தோன்றும். அன்றைய நாளில் நிகழ்ந்த ஒரு நல்ல செயலைப் பிள்ளையே வாய்ச்சொல்லாக வீட்டிற் சொல்லும் ஏற்பாடு இங்கு கையொப்பத்தினும் பொருத்தமுடையது.

6

இம்முறை வேண்டப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியிலே, ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனொருவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய இழிவான நடத்துகை என உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் பிரம்பைக் கைவிடுமாறு பணித்த அளவுக்கு, அதனிடத்திலே கைக்கொள்ள வேண்டியது யாதென ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. பிரம்பு சென்ற இடத்திலே முழந்தாளிடுவித்தலும் வெயிலில் நிறுத்தலும் வசைச்சொல்லும் எஞ்சின. அதிகாரத்தின் முன் முழந்தாளிடுதல் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதும் இம்மாவட்டம் அறிந்ததே. 2018 சனவரியிலே பதுளைத் தமிழ்ப் பாடசாலையொன்றின் பெண் அதிபர், மாகாண அரசியற் றலைமையின் முன் முழந்தாளிட வைக்கப்பட்டதாக எழுந்த முறைப்பாடு நாடெங்கும் கண்டனத்துக்குள்ளாயிற்று. மேலிருந்து கீழிறங்கும் அவமதிப்பின் கடைசிப்படியிலே நிற்பது பிள்ளை. ஆசிரியரின் கௌரவத்தைப் பேணாத அமைப்பு, பிள்ளையின் கௌரவத்தை ஆசிரியர் பேணுவார் என எதிர்பார்த்தல் இயலாது.

7

எண்ணுதல் எப்போதும் ஒடுக்குதலே எனக் கொள்வதும் பிழையாகும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் அதனால் உயிர் தப்பினர். திரும்பியபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றாருமில்லை. மாண்டோர் எத்தனை பேர் என்பதே பெருங்குழப்பமாயிற்று. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் எனக் கூறப்பட்ட எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்தது. நாள்தோறும் கொழுந்தை நிறுத்தும் ஆளை எண்ணியும் வந்த ஒரு சமூக ஒழுங்கு, பேரழிவின் நாளிலே அங்கு வாழ்ந்தோர் யாரெனத் தெளிவாகச் சொல்லமாட்டாது தடுமாறியது.

இச்சோகம் நமது விசாரணைக்கு உரைகல்லாகின்றது. உழைப்புக்காக எண்ணப்படுவதும் உயிருக்காக எண்ணப்படுவதும் வேறு. காலையில் இடாப்பை விரித்து ஒரு பெயரைக் கூப்பிட்டு, மறுமொழி வராதபோது ‘வரவில்லை’ எனக் கோடிழுத்து அப்பால் நகர்வது முதல் வகை. அப்பெயருக்குரியவர் எங்கே, ஏன் வரவில்லை, யார் சென்று பார்ப்பது எனக் கேட்பது இரண்டாவது வகை. வரவு – விடைச் சந்திப்பின் உயிர்நிலை அதன் புள்ளிகளில் இல்லை. இவ்விரண்டாவது கேள்வி நாள்தவறாது கேட்கப்படுவதிலேயே உள்ளது.

8

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, சந்திக்கும் பெரியவருக்கு நேரம் வேண்டும். ஓராசிரியர் பல வகுப்புகளை ஒரே மண்டபத்தில் நடத்தும் பாடசாலைக்கு இம்முறையைச் சுற்றறிக்கை மூலம் விதிப்பின், அது மற்றுமொரு படிவமாகவே முடியும். ஆசிரியர் நியமனக் கோரிக்கையிலிருந்து இதனைப் பிரித்தலாகாது. இரண்டாவதாக, அட்டை பிள்ளையின் தாய்மொழியில், பிள்ளையோடு கலந்து எழுதப்படல் வேண்டும். பிள்ளையால் இயலாதவை அதில் இடம்பெறலாகாது. மூன்றாவதாக, ஓவனின் தொழிலாளிக்கு இருந்த முறையீட்டு உரிமையேனும் நமது பிள்ளைக்கு இருத்தல் வேண்டும்: இன்று எனக்கிட்ட புள்ளி நியாயமன்று எனச் சொல்ல ஒருவர் வேண்டும். நான்காவதாக, அட்டை பிள்ளையிடமிருந்து பறிக்கப்பட்டு அதன்மேற் சுமத்தப்படும் சாட்சியாகலாகாது. சான்றிதழிலும் விடுகைப் பத்திரத்திலும் அது தொடரக்கூடாது.

ஐந்தாவதே தலையாயது. அட்டைகளை ஒருங்குசேர்த்துப் படித்தல் வேண்டும். ஒரு பிள்ளை பிந்தினால் அது அப்பிள்ளையின் கதை. ஒரே மலையிலிருந்து வரும் பிள்ளைகள் அனைவரும் மழைக்காலத்திற் பிந்தினால் அது பாதையின் கதை. முதலாம் பாடவேளையிலே பலர் சோர்ந்திருந்தால் அது காலையுணவின் கதை. கணிதப் பாடவேளையில் மாத்திரம் புள்ளி வீழ்ந்தால் அது கணித ஆசிரியர் இல்லாமையின் கதை. இவ்வாறு படிக்கப்படும்போது, பிள்ளையைத் திருத்தும் கருவியாக வந்த அட்டை, பிள்ளையின் சூழலை மாற்றக் கோரும் ஆவணமாக மாறும். பெற்றாரும் ஆசிரியரும் தொழிற்சங்கங்களும் வலயக் கல்விப் பணிமனையின் முன் வைக்கத்தக்க ஆதாரம் அதுவே.

எந்தக் கல்வி முறையும் தனித்து நின்று வர்க்க உறவுகளை மாற்றுவதில்லை. நாளாந்தச் சந்திப்பு லயத்தைப் பெயர்க்காது, சம்பளத்தை உயர்த்தாது. அதனாலேயே அதனைப் புறக்கணித்தலும் ஏற்புடையதன்று. மூதாதையரின் பேர் அரையாக வெட்டப்பட்ட மலைகளிலே, ஒரு பிள்ளையின் பேர் ஒவ்வொரு நாளும் முழுமையாகச் சொல்லி அழைக்கப்படுவது சிறிய காரியமன்று. அவ்வழைப்பைப் பிரட்டாக்குவதும் நலவிசாரிப்பாக்குவதும், இடாப்பைக் கையிலேந்தி நிற்கும் ஆசிரியரதும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய சமூகத்தினதும் பொறுப்பாகும்.